வாசகர் கேள்வி – பதில்: தொங்கி நிற்கும் வி.எம். யாருக்காகக் காத்திருக்கிறது?

ஐப்பசி பிறந்தால் மலையில் பின்னேரம் இடி மழைதான். கரண்ட் போகும், கொஞ்ச நேரத்தில் டவரும் போகும், அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியவை: எல்லாம் திரும்பிவிட்டது, வி.எம். மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வி.எம். என்பது வேர்ச்சுவல் மெஷின், ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. உயர்தரம் படிக்கிற பிள்ளைகள், வீட்டிலிருந்து கொழும்புக்கு வேலை செய்கிறவர்கள், சின்ன ஒஃபிஸ்களில் சேர்வர் பார்க்கிறவர்கள் என்று நம் பக்கமும் நிறையப் பேர் இப்போது பாவிக்கிறார்கள். அதனால் இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில்.

கேள்வி: அண்ணா, நான் வீட்டிலிருந்து கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். விண்டோஸ் லெப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் (வி.எம். ஓட்டும் மென்பொருள்), அதற்குள் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்). அதிலிருந்து எஸ்.எஸ்.எச். (தூரத்துக் கணினியில் கட்டளை அடிக்க உதவும் வழி) மூலம் ஒஃபிஸ் சேர்வருக்குள் போவேன். இணையம் 4ஜி ரவுட்டரில். மழை நேரம் லைன் விட்டு விட்டு வரும், வந்த பிறகும் கட்டளை அடிக்கும் டேர்மினல் ஜன்னல் உறைந்தபடியே நிற்கும், எழுத்து விழாது. சில நாள் வி.எம். முழுவதுமே ஹேங். டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுத்துவிடுவேன், அப்படிச் செய்ததில் இரண்டு தடவை உபுண்டு திரும்ப எழும்பவே இல்லை. ஒஃபிஸ் கோப்புகள் வி.பி.என். (ஒஃபிஸ் வலையமைப்புக்குள் போகும் மறையாக்கிய பாதை) வழியாக விண்டோஸில் ஒரு டிரைவாக வரும், அதை ஷெயார்ட் ஃபோல்டராக உபுண்டுவுக்கும் கொடுத்திருக்கிறேன். என்ன செய்யலாம்? – வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த எண்ட் டாஸ்க் பழக்கத்தை விடுங்கள். குறை சொல்லவில்லை, நானும் அதைச் செய்து அடிபட்டவன். சில வருடங்களுக்கு முன் கணினி வகுப்பு ஒன்றில் படிப்பித்தபோது ஒரு பிள்ளையின் வி.எம். செத்துவிட்டது என்று நினைத்து நானே பவர் ஓஃப் கொடுத்தேன். அது சாகவில்லை. வலையமைப்பில் இருந்த ஒரு கோப்புக்காகக் காத்துக்கொண்டு, பாதி எழுதிய தரவுத்தளத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பாதி கோப்பு பிறகு திறக்கவே இல்லை, பிள்ளை தன் செயற்றிட்டத்தை இரவிரவாக உட்கார்ந்து மறுபடி செய்தாள். அன்றிலிருந்து எந்த வி.எம்.மில் கை வைப்பதற்கு முன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இது யாருக்காகக் காத்திருக்கிறது? அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் எதையும் கொல்ல வேண்டியிருக்காது.

உங்கள் வீட்டில் இரண்டு வேறு காத்திருப்புகள் கலந்திருக்கின்றன. டேர்மினல் மட்டும் உறைவது ஒன்று, வி.எம். முழுவதும் உறைவது வேறொன்று.

டேர்மினலை முதலில் பார்ப்போம். எஸ்.எஸ்.எச். போகிற வண்டி டி.சி.பி., இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் விதிமுறை. 1981இல் ஆர்.எஃப்.சி. 793 என்ற இணைய ஆவணமாக அது எழுதப்பட்டபோதே, வழியில் கொஞ்ச நேரம் தடை வந்தாலும் தொடர்பை விட்டுவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். அதில் பேசாமல் இருப்பது குற்றமே இல்லை. இரண்டு முனையிலும் யாரும் ஒன்றும் அனுப்பாவிட்டால், நடுவில் வழியே இல்லாமல் போனாலும் இருவருக்கும் தெரியாது. கீப்அலைவ் என்று ஒரு சோதனை இருக்கிறது, 'இருக்கிறீர்களா' என்று தட்டிப் பார்க்கிற வேலை, ஆனால் லினக்ஸில் அதற்கு இயல்பாக வைத்திருக்கும் நேரம் 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் அமைதியாக இருந்த பிறகுதான் முதல் தட்டு, அதற்குப் பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 தட்டு. ஆக 2 மணி 11 நிமிடம் கழித்துத்தான் எதிர்ப்பக்கம் ஆள் இல்லை என்று முடிவு. அதுவும் அந்த மென்பொருள் கீப்அலைவ் வேண்டும் என்று கேட்டிருந்தால் மட்டும். நீங்கள் ஏதாவது எழுத்து அடித்திருந்தால் கணக்கு வேறு: பதில் வராத அந்தத் தரவுப் பொதியை இடைவெளியைக் கூட்டிக் கூட்டி 15 தடவை வரை மறுபடி அனுப்பிப் பார்க்கும், கைவிடச் சுமார் 15 நிமிடம் ஆகும்.

நம் மலைப்பக்கத்தில் இதற்கு இன்னொரு சிக்கல் சேரும். டவரை விட்டுப் பிடிக்கிற ரவுட்டருக்குப் பல நேரம் புது முகவரி கிடைக்கும், பழைய தொடர்பு பற்றி நடுவில் இருந்த பதிவும் அழிந்துபோகும். ஆனால் ரவுட்டருக்கும் லெப்டொப்புக்கும் இடையில் உள்ள வைஃபை அறுவதில்லை, கோடு எல்லாம் நிறைந்தே நிற்கும். லெப்டொப்புக்கே தெரியாத செய்தி அதற்குள் இருக்கும் உபுண்டுவுக்கு எப்படிப் போகும்? லைன் வந்த பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் பழைய தொடர்பு உயிர்க்காது. அதை அறுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. அறுக்க ஜன்னலை மூட வேண்டியதும் இல்லை. எண்டர் ஒரு தடவை, அடுத்து டில்டே என்ற நெளிகோட்டுக் குறி, அடுத்து ஒரு புள்ளி. மூன்றையும் வரிசையாக அழுத்துங்கள், உறைந்த எஸ்.எஸ்.எச். அந்த நொடியே விட்டுவிடும். எழுத்துத்தான் விழவில்லையே, இது எப்படி வேலை செய்யும் என்று கேட்பீர்கள். இது எதிர்ப்பக்கம் போவதில்லை, உங்கள் கணினியில் இருக்கும் எஸ்.எஸ்.எச். மென்பொருளே வாங்கிக்கொள்கிறது.

இனிமேல் வராமலிருக்க எஸ்.எஸ்.எச். கொன்ஃபிக் கோப்பில் சேர்வர்அலைவ்இன்டர்வல் என்பதற்கு 30 என்று போடுங்கள். சேர்வர்அலைவ்கவுண்ட்மெக்ஸ் இயல்பாகவே 3. அப்போது 30 விநாடிக்கு ஒரு தடவை எஸ்.எஸ்.எச். தானே சேர்வரைக் கேட்கும், மூன்று தடவை பதிலில்லை என்றால் விட்டுவிடும். ஒன்றரை நிமிடத்தில் உங்களுக்கு உண்மை தெரிந்துவிடும். சிலர் இதற்குப் பதிலாக உபுண்டுவின் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அந்த 7200ஐக் குறைத்துவிடச் சொல்வார்கள். வேர்ச்சுவல்பொக்ஸின் நாட் முறையில் (லெப்டொப்பின் இணையத்தையே வி.எம். பகிர்ந்துகொள்ளும் முறை) அது உங்களுக்கு உதவாது, காரணம் இதுதான்: நாட் முறையில் உபுண்டுவின் டி.சி.பி. தொடர்பு வெளிச் சேர்வர் வரை நேராகப் போவதில்லை. வேர்ச்சுவல்பொக்ஸே அதை வாங்கி, விண்டோஸின் பெயரில் வெளியே இன்னொரு தொடர்பு போடுகிறது. உபுண்டு 'இருக்கிறீர்களா' என்று தட்டினால் 'இருக்கிறேன்' என்று பதில் சொல்வது பக்கத்தில் இருக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ், கொழும்புச் சேர்வர் இல்லை. எஸ்.எஸ்.எச்.சின் சொந்தச் சோதனை மறையாக்கத்துக்குள்ளே போவதால் அதற்கு உண்மையான சேர்வர் மட்டும்தான் பதில் சொல்ல முடியும். இதை நான் விளங்கிக்கொள்ள நிறைய நாள் எடுத்தது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சேர்வர் பக்கம் டீமக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு அதற்குள் வேலை செய்யுங்கள். லைன் அறுந்தாலும் ஓடிக்கொண்டிருந்த வேலை அங்கே ஓடிக்கொண்டே இருக்கும், மறுபடி உள்ளே போய் ஒட்டிக்கொள்ளலாம்.

இனி வி.எம். முழுவதும் உறைவது. நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஷெயார்ட் ஃபோல்டர்தான் என் சந்தேகம். அது லெப்டொப்பின் வட்டில் இல்லை, வி.பி.என்.னுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உபுண்டுவில் ஒரு புரொசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள், அந்த ஃபோல்டரைத் தொடுகிறது, வேர்ச்சுவல்பொக்ஸ் விண்டோஸைக் கேட்கிறது, விண்டோஸ் ஒஃபிஸைக் கேட்கிறது, ஒஃபிஸுக்கு வழி இல்லை. வரிசையாக எல்லாரும் நிற்கிறார்கள். அதிலும் உபுண்டுவின் கோப்பு ஜன்னலில் அந்த ஃபோல்டர் திறந்து கிடந்தால் திரை முழுவதும் உறைந்த மாதிரி இருக்கும். இந்த நேரத்தில் வி.எம்.மைத் தொடாமல் வி.பி.என்.னைத் திரும்பப் போடுங்கள். வராவிட்டால் விண்டோஸில் அந்த டிரைவை டிஸ்கனெக்ட் செய்யுங்கள், காத்திருந்தவர்களுக்கு 'இல்லை' என்ற பதிலாவது கிடைக்கும், பெரும்பாலும் அதோடு உபுண்டு மூச்சு விடும். அப்புறம், அந்த ஃபோல்டரை வி.எம்.முக்குக் கொடுப்பதையே நிறுத்திவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். தேவையான கோப்பை லெப்டொப்புக்குப் பிரதி எடுத்து, அதைக் கொடுங்கள்.

அப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒழுங்கு இருக்கிறது. ஜன்னலை மூடும்போது வேர்ச்சுவல்பொக்ஸ் மூன்று வழி கேட்கும். ஷட்டவுன் சிக்னல் அனுப்புவது முதல் வழி, இரண்டு மூன்று நிமிடம் அவகாசம் கொடுங்கள். அசையாவிட்டால் மெஷின் ஸ்டேட்டைச் சேமிப்பது, ரெம் நினைவகத்தில் இருப்பதெல்லாம் கோப்பாகிவிடும், நிதானமாக யோசிக்கலாம். பவர் ஓஃப் கடைசி. எண்ட் டாஸ்க் அதற்கும் கடைசி.

கேள்வி: ஐயா, எங்கள் பயிற்சி நிலையத்தில் ஒரு லினக்ஸ் சேர்வரில் கே.வி.எம். (லினக்ஸில் வி.எம். ஓட்டும் வசதி) போட்டு 8 வி.எம். ஓட்டுகிறோம். வி.எம்.களின் வட்டுக் கோப்புகள் தனியான ஒரு நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி), என்.எஃப்.எஸ். (கோப்புகளை வலையமைப்பில் பகிரும் முறை) வழியாக. சேர்வருக்கும் நாஸுக்கும் யு.பி.எஸ். இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் எட்டு வி.எம்.மும் உறைந்துவிடும். கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 கட்டளை கொடுத்தாலும் சாகவில்லை. சுமை 40க்கு மேல் காட்டும், ஆனால் சி.பி.யு. சும்மாதான் இருக்கிறது. கோப்புப் பட்டியல் பார்க்க எல்.எஸ். அடித்தால் அந்த டேர்மினலும் நின்றுவிடும். சேர்வரை ரீபூட் செய்யப் பார்த்தால் அதுவும் பாதியில் நிற்கிறது. பழுது எங்கே? – வாசகர், தலவாக்கலை

பதில்: நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. சேர்வருக்கும் நாஸுக்கும் யு.பி.எஸ். போட்டிருக்கிறீர்கள். நடுவில் இரண்டையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கு? அது பெரும்பாலும் சுவரில் இருக்கும் பிளக்கில் நேராகக் குத்தியிருக்கும். கரண்ட் போனதும் இரண்டு பெரிய பெட்டிகளும் விழித்தபடி இருக்க, அவற்றைச் சேர்க்கிற அந்தச் சின்னப் பெட்டி செத்துவிடுகிறது. 8 போர்ட் சுவிட்ச் ஒன்று சாதாரணமாக 10 வாட்டுக்குள் தின்னும், உங்கள் யு.பி.எஸ்.சுக்கு அது ஒரு பாரமே இல்லை. இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அந்த யு.பி.எஸ். 2022இல் 13 மணி நேரம் வெட்டிய காலத்தில் வாங்கியது என்றால் பெட்டரியையும் சோதியுங்கள், ஈய அமில பெட்டரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் களைத்துவிடும்.

இனி, ஏன் சாகவில்லை என்பதைச் சொல்கிறேன். என்.எஃப்.எஸ்.ஸை லினக்ஸில் மவுண்ட் செய்தால் (கணினியின் கோப்பு மரத்தில் இணைத்தால்) இயல்பாக அது ஹார்ட் மவுண்ட். சேர்வர் பதில் சொல்லாவிட்டால் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அர்த்தம். கர்னல் பதிவில் 'நொட் ரெஸ்பொண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று ஒரு வரி விழுந்திருக்கும், பாருங்கள். அந்த நேரம் வட்டுக்காகக் காத்திருக்கும் புரொசஸ் டி நிலையில் இருக்கும். புரொசஸ்களைக் காட்டும் பி.எஸ். பட்டியலில் டி என்ற எழுத்துத் தெரியும். கர்னலுக்குள் அப்படி ஆழமாக நிற்கும் புரொசஸுக்கு நீங்கள் அனுப்பும் கில் பல நேரம் போய்ச் சேராது, காத்திருப்பு முடிந்து வெளியே வந்தால்தான் அதை வாங்கும். லினக்ஸ் சுமைக் கணக்கில் டி நிலையில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறது, அதனால்தான் சி.பி.யு. சும்மா இருக்க 40 காட்டுகிறது. அந்த 40 பேரும் வேலை செய்யவில்லை, நாஸின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் எல்.எஸ். அடித்தபோது நாற்பத்தோராவது ஆளாக வரிசையில் சேர்ந்தீர்கள். இந்த நேரம் வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் டி.எஃப். அடித்தாலும் அதே கதைதான். அந்தப் பாதையைத் தொடுகிற எதையும் அடிக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான், கேட்க எளிமையாக இருக்கும்: நாஸைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அதே ஐ.பி. முகவரியில், அதே பாதையில். முதலில் சுவிட்சின் விளக்குகள், பிறகு சேர்வரிலிருந்து நாஸுக்கு பிங் (வழி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது), பிறகு நாஸில் என்.எஃப்.எஸ். சேவை ஓடுகிறதா என்று அதன் சொந்தப் பக்கத்தில். வந்துவிட்டால் பதிவில் 'ஓகே' என்று வரி விழும், உறைந்த வி.எம்.கள் நின்ற இடத்திலிருந்து தொடரும். என்.எஃப்.எஸ். 4 என்றால், பங்கிடும் பக்கம் ரீபூட் ஆகி வந்த பிறகும் பழைய பூட்டுகளைத் திரும்பக் கேட்க அவகாசம் கொடுப்பதற்காகக் கொஞ்ச நேரம் தாமதிக்கும், லினக்ஸில் அது இயல்பாக 90 விநாடி. அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் 'இன்னும் வரவில்லையே' என்று ரீபூட் அடித்து எல்லாவற்றையும் கெடுத்தவர்களை எனக்குத் தெரியும். பொறுத்திருங்கள்.

நாஸ் எழும்பாது, வட்டே போய்விட்டது என்றால் மட்டும், மவுண்டைக் கழற்றும் யூமவுண்ட் மைனஸ் எஃப் கட்டளையைக் கொடுங்கள். அது காத்திருக்கும் கோரிக்கைகளைத் தோல்வி என்று திருப்பிவிடப் பார்க்கும். யூமவுண்ட் மைனஸ் எல் வேறு வேலை செய்யும்: பெயரை மட்டும் கோப்பு மரத்திலிருந்து கழற்றும், அதனால் எல்.எஸ்., டி.எஃப். திரும்ப வேலை செய்யும், ஆனால் ஏற்கனவே உள்ளே மாட்டியவர்கள் மாட்டியபடிதான். விடுதலை கிடைத்துவிட்டது என்று அதை நம்பிவிடக் கூடாது.

யாராவது உங்களிடம் சொஃப்ட் மவுண்ட் போடுங்கள், அப்போது உறையாது என்று சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டாலும் சொல்வார்கள். வி.எம். வட்டுகளுக்கு அதைச் செய்யவே வேண்டாம். சொஃப்ட் என்றால் சில தடவை கேட்டுவிட்டுப் பிழை என்று திருப்பிவிடும். எழுதிக்கொண்டிருந்த வி.எம்.முக்கு வட்டுப் பிழை என்று போகும், தரவு சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். என்.எஃப்.எஸ். கையேடே அந்த எச்சரிக்கையைப் போட்டிருக்கிறது. உறைந்து நிற்பது தொல்லைதான், ஆனால் அது உங்கள் தரவைக் காப்பாற்றுகிற தொல்லை.

இன்னொன்று, நீண்ட கரண்ட் வெட்டில் யு.பி.எஸ். தீர்ந்து எல்லாமே ஓஃப் ஆன பிறகு எழும்பும் ஒழுங்கு. எஸ்.எஸ்.டி. போட்ட சேர்வர் ஒரு நிமிடத்தில் எழும்பிவிடும், நாஸ் ஆறுதலாகத்தான் எழும்பும். சேர்வர் தேடும்போது நாஸ் இல்லை, மவுண்ட் ஆகாது, வி.எம்.கள் தாமாகத் தொடங்கப் பார்த்துத் தோற்கும். சேர்வரின் பயோஸில், கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆவதை நிறுத்திவிட்டு, நாஸ் வந்ததைப் பார்த்துக் கையால் ஓன் செய்யுங்கள். ஆள் இல்லாத இடம் என்றால் வி.எம்.களின் தானியங்கித் தொடக்கம் மவுண்டுக்குப் பிறகே நடக்கும்படி, லினக்ஸில் சேவைகளைத் தொடக்கும் சிஸ்டம்டியில் கட்டிவிடலாம். பயிற்சி நிலையத்தில் ஆள் இருப்பார்கள் என்பதால் கைதான் நல்லது என்பேன்.

கேள்வி: அண்ணா, நான் உயர்தரம் ஐ.சி.ரி. படிக்கிறேன். வீட்டில் பக்கத்து வீட்டு வைஃபை, வகுப்பில் என் போன் ஹொட்ஸ்பொட். லெப்டொப்பை மூடித் திறந்து இடம் மாறினால் விண்டோஸில் இணையம் வரும், வி.எம்.முக்குள் வராது. ஒவ்வொரு தடவையும் வி.எம்.மை ரீஸ்டார்ட் செய்கிறேன். – மாணவன், பண்டாரவளை

பதில்: தம்பி, ரீஸ்டார்ட் தேவையில்லை. உங்கள் வி.எம். பழைய வைஃபையின் விலாசங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, குறிப்பாக இணையப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேர்வரின் விலாசத்தை. வி.எம். ஜன்னலின் மேலே டிவைசஸ் மெனு, அதில் நெட்வொர்க், அதற்குள் கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர் என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள சரி அடையாளத்தை எடுங்கள், பத்து வரை எண்ணுங்கள், திரும்பப் போடுங்கள். கேபிளைக் கழற்றிக் குத்துவது போலத்தான், வி.எம். புதிதாக விலாசம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அடாப்டர் பிரிட்ஜ்ட் முறையில் இருந்தால் நாட் முறைக்கு மாற்றுங்கள். பிரிட்ஜ்ட்டில் வி.எம். அந்த அந்த வைஃபையில் தனி ஆளாக விலாசம் கேட்க வேண்டும், இடம் மாறுகிறவர்களுக்கு அது சரிவராது. நாட் முறையில் வி.எம்.முக்குப் பெரும்பாலும் 10.0.2.15 என்ற விலாசம்தான் கிடைக்கும், வீடு என்றாலும் வகுப்பு என்றாலும் அது மாறாது. அப்புறம், லெப்டொப்பை மூடுவதற்கு முன் வி.எம்.மை போஸ் செய்வதையோ ஸ்டேட்டைச் சேமிப்பதையோ பழக்கிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு நல்லபடி படியுங்கள்.

கேள்வி: நான் ஒரு தனியார் நிறுவனத்தில் ஐ.டி. பார்க்கிறேன், ஒரே ஆள்தான். விஎம்வேர் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. (வி.எம். ஓட்டுவதற்கென்றே உள்ள மென்பொருள்) சேர்வர் ஒன்று, என்.எஃப்.எஸ். டேட்டாஸ்டோர் (வி.எம். கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) ஒன்று. வலையமைப்பு கொஞ்ச நேரம் போனால் டேட்டாஸ்டோர் சாம்பல் நிறமாகி 'இன்அக்செசிபிள்' என்று காட்டுகிறது. வலையமைப்பு வந்த பிறகும் நிர்வாகப் பக்கம் திறக்க மறுக்கிறது. உள்ளே லினக்ஸ் வி.எம்.கள் ஓடுகின்றன, ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. சேர்வரையே ரீபூட் செய்துவிடவா? – வாசகர், பதுளை

பதில்: வேண்டாம், ஒரே ஆளாக இருந்து பார்க்கிறீர்கள், அவசரப்பட்டால் வேலை மூன்று மடங்காகும். கணக்கைச் சொல்கிறேன். ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. இயல்பாக 12 விநாடிக்கு ஒரு தடவை என்.எஃப்.எஸ். சேர்வரின் நாடியைப் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி பொறுக்கும், 10 தடவை தவறினால் இல்லை என்று குறித்துவிடும். 12ஐப் பத்தால் பெருக்கி 5ஐக் கூட்டினால் 125 விநாடி. அதோடு ஏ.பி.டி. என்று இன்னொரு கடிகாரம் இருக்கிறது, எல்லாப் பாதையும் போய்விட்டது என்று பொருள், அது 140 விநாடி. அதற்குப் பிறகு நிர்வாக வேலைகளின் கோரிக்கைகளை உடனே தோல்வியாகத் திருப்பிவிடும், வி.எம்.களின் கோரிக்கைகளை மட்டும் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். வி.எம்.களுக்கு அந்தச் சலுகை இருப்பதால்தான் சின்ன வெட்டு என்றால் அவை தாமாகவே திரும்புகின்றன.

நிர்வாகப் பக்கம் திறக்காததற்குக் காரணம் ஹொஸ்ட்டி என்ற சேவை அந்த டேட்டாஸ்டோரில் கை வைத்தபடி நிற்பது. முதலில் சேர்வரின் கொன்சோலிலிருந்து வி.எம்.கே.பிங் கொடுத்து, என்.எஃப்.எஸ். சேர்வருக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி இல்லாமல் ஹொஸ்ட்டியை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி அங்கேயே போய் மாட்டும். வழி இருந்தால் ஹொஸ்ட்டியையும், பல சேர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் வி சென்டர் இருந்தால் அதோடு பேசும் வி.பி.எக்ஸ்.ஏ. சேவையையும் மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். நிர்வாகச் சேவைகள் நின்று எழும்பினாலும் வி.எம்.கள் வேறு புரொசஸ்களாக ஓடுவதால் அவை நிற்பதில்லை. ஒரு வி.எம். மட்டும் விடாப்பிடியாக நின்றால் ஈ.எஸ்.எக்ஸ்.சி.எல்.ஐ. கொமாண்டில் அதன் வேர்ல்ட் ஐடி என்ற அடையாள எண்ணைக் கண்டுபிடித்து, நிறுத்தும் கட்டளையை சொஃப்ட், ஹார்ட், ஃபோர்ஸ் என்ற வரிசையிலேயே கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடமாவது விட்டு.

உள்ளே சேமிக்க முடியவில்லை என்றீர்களே, அதுதான் எனக்குக் கவலை. லினக்ஸ் தன் வட்டுக்கு இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும். வி.எம்.முக்குள் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருள் போட்டிருந்தால் அதை 180 ஆக்கிவிடும். பொறுமை தீர்ந்தால் வட்டுப் பிழை என்று எடுத்துக்கொண்டு, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும். உங்கள் வி.எம்.களில் டூல்ஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பூட்டிக்கொண்டதைக் கட்டாயப்படுத்தி எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்ய வேண்டாம், அது ஒரு காரணத்தோடுதான் பூட்டியிருக்கிறது. முக்கியமான கோப்புகளை அந்தப் படிக்கும் நிலையிலேயே வெளியே எடுத்துக்கொண்டு, அந்த வி.எம்.மை மட்டும் ஒழுங்காக ரீபூட் செய்து, கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்.எஸ்.சி.கே. ஓட விடுங்கள். ஒவ்வொன்றாக. தரவுத்தளம் இருக்கும் வி.எம்.மிலிருந்து தொடங்குங்கள், மற்றவை அதை நம்பித்தான் இருக்கும்.

கேள்வி: வேர்ச்சுவல்பொக்ஸ் ஒரு நாள் நின்றுபோய் மூடிவிட்டேன். இப்போது அந்த வி.எம்.மைத் தொடங்கினால் ஏற்கனவே ஒரு செஷனுக்காகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பிழை வருகிறது. இணையத்தில் பார்த்து ஃபோல்டரில் இருக்கும் சில கோப்புகளை அழிக்கலாமா என்று யோசிக்கிறேன். என் ஆய்வு வேலை முழுவதும் அதற்குள் இருக்கிறது. – வாசகி, நுவரெலியா

பதில்: அம்மா, ஒன்றையும் அழிக்க வேண்டாம். ஜன்னல்தான் மூடியது, உள்ளே ஓடிய புரொசஸ் இன்னும் நிற்கிறது, அதுதான் பூட்டைப் பிடித்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியலில் வேர்ச்சுவல்பொக்ஸ்விஎம் என்று பாருங்கள், ஜன்னல் இல்லாமல் ஓட்டியிருந்தால் விபொக்ஸ்ஹெட்லெஸ். ஒரு வி.எம்.முக்கே ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் தெரியலாம், பயப்பட வேண்டாம். முதலில் ஐந்து நிமிடம் அதன் வட்டு வேலையைக் கவனியுங்கள். எண்கள் அசைந்தால் அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, விடுங்கள். முற்றாக அசையாமல் நின்றால், மேலே ஹட்டன் வாசகியிடம் கடைசி என்று சொன்ன எண்ட் டாஸ்க்குக்கு இங்கே இடம் உண்டு, அந்தப் புரொசஸுக்கு மட்டும். பிறகு வேர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அரை நிமிடம் இருங்கள். விபொக்ஸ்எஸ்விசி என்ற பின்னணிச் சேவை, தன்னைக் கேட்க யாரும் இல்லை என்றால் தானே மூடிக்கொள்ளும், அதோடு பூட்டும் போய்விடும். வேறு வி.எம். ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அந்தச் சேவையில் கை வைக்க வேண்டாம்.

திரும்பத் திறக்கும்போது வி.எம்.முக்குப் பக்கத்தில் அபோர்ட்டட் என்று இருக்கும். உடனே ஸ்டார்ட் அழுத்திவிடாதீர்கள். அந்த வி.எம்.மின் ஃபோல்டர் முழுவதையும், ஸ்னெப்ஷொட்கள் (இடையில் சேமித்து வைத்த நிலைகள்) இருந்தால் அவற்றோடு சேர்த்து, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுங்கள். 40, 50 ஜி.பி. இருக்கும், ஒரு மணி நேரம் போகலாம், போகட்டும். எழும்பும்போது உபுண்டுவோ விண்டோஸோ தன் வட்டைத் திருத்தத் தொடங்கும், அந்தத் திருத்தம் தவறிப்போனால் திரும்பி வர உங்களிடம் அந்தப் பிரதி இருக்கும். எழும்பியதும் ஆய்வுக் கோப்புகளை வி.எம்.முக்கு வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஏதாவது திறக்காவிட்டால் அந்தப் பிரதியைத் தொடாமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.